முட்டுக்கட்டைக்காரன்

கண்டோன்மெண்ட் தபாலாபீசுக்கு எதிரே
புங்கமரத்தடியில் என் மேஜை.
மனு மூன்றணா, கடிதம் இரண்டணா.
அழுதுகொண்டே சொன்னால்
அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

மாதம் ஒருமுறை
ராத்திரி ஷிப்டு முடித்த கையோடு
மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி
போரிங்பேட்டையில் வண்டி மாறி வருவான்.
பொர்த்தோலோ என்று பெயர்.
தங்கச் சுரங்கத்து வாய்களில் அது தேய்ந்து
பத்துலு என்றால்தான் திரும்பிப் பார்ப்பான்.
வெள்ளைக்காரன் என்று முதல் நாள் எழுந்து நின்றேன்.
அவன் என் மேஜைக்கு முன்னால்
குந்தி உட்கார்ந்தான்.

தமிழ் பேசுவான், பூமிக்கடியில் கற்ற தமிழ்:
பாதி வசவு, மீதி எச்சரிக்கை.
குனி, தள்ளு, ஓடுடா, தண்ணி.
இதை வைத்துக்கொண்டு
பெண்சாதிக்குக் கடிதம் சொல்ல வேண்டும்.

அவன் தமிழை நான் இங்கிலீஷாக்குவேன்.
இத்தாலியில் ஏதோ மலையூரில் பாதிரியார் ஒருவர்
இங்கிலீஷை அவர்கள் பேச்சாக்கி
தொமேனிக்காவுக்கு வாசிப்பாராம்.
மூன்று செம்பு மாறிய பால்.
தண்ணீர் எவ்வளவு சேர்ந்ததோ
குடித்தவளுக்குத்தான் தெரியும்.

அங்கேயே எழுதலாமே என்றேன்.
"அங்க போஸ்ட் மாஸ்டர் படிக்கறான்,
கேப்டன்கிட்ட சொல்றான்."

என்ன வேலை என்று போடட்டும்?
இரண்டு கையையும் தலைக்கு மேல் ஏந்திக் காட்டினான்.
மரம் அறுத்து, பாறைக்கடியில் நிறுத்தி
ஆப்படித்து இறுக்குகிற வேலை.
எங்கள் பேச்சில்
முட்டுக்கட்டை போடுகிறவன் என்றால்
காரியத்தைக் கெடுக்கிறவன் என்றேன்.
சிரித்தான், சிரிப்பு இருமலாயிற்று,
இருமி முடிக்க வெகுநேரம்.
"சரிதான். மேல இருக்கற மலை
கீழ வரணும்னு பாக்குது.
நான் கெடுக்கறேன்."

ஒருதரம் ப்ளாக்பள்ளிச் சந்தில்
வேதம்மாள் துடுப்பு போட்டுக் களி கிண்டுவதை
ஆணியடித்தாற்போல் நின்று பார்த்தான்.
அவன் ஊரிலும் இதேதானாம்,
சோளமாவு, மஞ்சளாக இருக்குமாம்,
பலகையில் கொட்டி நூலால் அறுப்பார்களாம்.
சட்டைப் பொத்தானில் தொங்கிய நூலை உருவி
கேழ்வரகு உருண்டையைக் குறுக்கே அறுத்தான்.
வேதம்மாள் கிழித்தெடுத்தாள்.
அந்தத் தமிழ் மட்டும்
ஒரு சொல் விடாமல் புரிந்தது அவனுக்கு.
அதை எழுது என்றான், எழுதினேன்.

ஒன்றை மட்டும் எழுதியதில்லை.
போகிறபோக்கில் ஒவ்வொரு தடவையும் சொல்வான்:
"பாறை பேசுது."
எலி முதலில் ஓடுமாம்,
அப்புறம் கட்டை முனகுமாம்.
பெண்சாதிக்கு இதையா எழுதுவது?
இவ்விடம் சுகம், அவ்விடம் சுகமா என்று போட்டு
அவன் கீறும் பெருக்கல் குறிக்கு
அடியில் இடம் விடுவேன்.

ஆடி மாதம் வந்தவன் வேறொருவன்.
எவரிஸ்தோ.
நாற்பது ரூபாய், மடித்த தொப்பி ஒன்று.
தமிழ் இன்னும் குறைவு.
"பத்துலு" என்றான்.
இரண்டு கையையும் தலைக்கு மேல் ஏந்தி
அப்படியே விட்டான்.

மனுவென்றால் வார்த்தை தயாராக இருக்கும்,
மகாராஜராஜஸ்ரீ கலெக்டர் சமூகத்துக்கு என்று
கை தானே ஓடும்.
இதற்கு ஓடவில்லை.
பேனாவில் மை காய்ந்தது, தோய்த்தேன், காய்ந்தது.
மாதாகோயிலில் பன்னிரண்டு அடித்து ஓய்ந்தது.

கடைசியில் கணக்குப்பிள்ளை
பழைய பாக்கியை எழுதுவதுபோல எழுதினேன்.
மாசியில் பாறை பேசுகிறது என்றார்.
பங்குனியில் எலிகளைக் காணோம் என்றார்.
வைகாசியில் புதுக்கட்டை கேட்டாராம்,
அடுத்த மாதம் என்றார்களாம்.
அவர் சொன்னார்.
நான் எழுதவில்லை.

பழக்கத்தில் அடியில் இடம் விட்டிருந்தேன்.
எவரிஸ்தோ பேனாவை வாங்கிப் பார்த்து
திருப்பித் தந்தான்.
அந்த இடத்தில்
முனிரத்தினம் என்று தமிழில் போட்டேன்.
பாதிரியார் அதை என்னவென்று வாசித்தாரோ.

இரண்டணாவா?
வாங்கிக்கொண்டேன்.